ஒரு ஜோடிக்கு இரண்டு விலாசம்

எங்கள் கடையில் ஷூவை ஜோடியாக விற்பதில்லை. ஒற்றைதான். இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன். என் கொழுந்தனுக்கு இடது கால் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் முழு ஜோடி வாங்கி, வலது ஷூவைப் பரணில் வீசி வீசி, பரணே நிரம்பிப்போன அன்றைக்கு, "அண்ணி, இதைப் போட ஆளே இருக்காதா என்ன?" என்றான். இருந்தார்கள். தேடத் தேட வந்துகொண்டே இருந்தார்கள்.

வலது கால் மட்டும் உள்ளவர் ஒருவர், அதே அளவில் இடது கால் மட்டும் உள்ளவர் இன்னொருவர், இரண்டு பேருக்கும் பிடித்த ஒரே ஷூ. கல்யாணத் தரகர்கூட இந்தப் பாடு படமாட்டார். ஒருவருக்குக் கறுப்புதான் வேண்டும். மற்றவர் கறுப்பென்றாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். யாருக்கு யார் ஜோடி என்பதைப் பற்றி மட்டும் நாங்கள் மூச்சுவிட மாட்டோம். தெரிந்தால் கலருக்காக அடித்துக்கொண்டு சாவார்கள் என்பது என் கணக்கு.

அன்றைக்கு மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் அழுகை.

"அக்கா, பெட்டியில வலது ஷூ இருக்குக்கா. எனக்கு வலது காலே இல்லையேக்கா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஊன்றுகோல்களோடு ஒற்றைக் காலில் ஆடுகிற பெண். அன்று சாயங்காலம் பெரிய அரங்கத்தில் நடனப் போட்டி. எத்தனையோ இடத்தில் "உனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். முதல்முதலாக அவளையும் எல்லாரோடும் சேர்த்து ஆடக் கூப்பிட்டது இங்கேதான். மொத்த எடையும் ஒரே காலில் விழுவதால் வெறுங்காலோடு குதித்தால் குதிகால் தாங்காது. பழைய ஷூ வழுக்கி, ஒத்திகையில் மோவாய் கிழிந்து தையல் போட்டிருந்தாள். அதற்காகவே வழுக்காத அடிப்பாகம் வைத்த சிவப்பு ஷூ வரவழைத்திருந்தோம்.

"டேய்! இடது ஷூவை எந்தப் பக்கம்டா வெச்சே?" என்று கத்தினேன்.

"இடது பக்கம்தான் அண்ணி."

"யாரோட இடது பக்கம்?"

மேஜைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவன் பெட்டிகளை வைத்தான், எதிரே உட்கார்ந்து விலாசம் ஒட்டினவள் நான். வேறெந்தச் செருப்புக் கடையிலாவது இப்படி ஒரு கூத்து நடக்குமா? திட்ட வாயெடுத்தேன், நேரமில்லை. அவன் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டான்.

அந்த இடது ஷூ போயிருந்தது வலது கால் மட்டும் உள்ள மீன்கடை அக்காவுக்கு. போனை எடுக்கவேயில்லை. சந்தைக்குள் ஓடிப்போய்ப் பார்த்தால், கையெல்லாம் செதிலோடு உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருக்கிறாள். பெட்டி அவள் தலைக்கு மேல் அலமாரியில், பிரிக்காமல்.

"நாறுற கையால பிரிக்க மனசு வரலம்மா," என்றாள். விஷயத்தைக் கேட்டதும் கத்தி அப்படியே நின்றது. "என் ஜோடி ஆடுறாளா? ஒத்தக் கால்லயா?"

"ஆமாக்கா. பெட்டியைக் குடுங்க, நேரமாகுது."

"குடுக்க மாட்டேன்."

அலமாரிப் பக்கம் நீண்ட என் கையைத் தட்டிவிட்டாள்.

"நானே கொண்டுவரேன்! உங்க ஸ்கூட்டர் இந்த நெரிசல்ல ஊர்ந்துகிட்டுத்தான் போகும். என் வண்டிக்குச் சந்துபொந்தெல்லாம் மனப்பாடம். ஏறுங்க!"

பக்கத்துக் கடைக்காரியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஊன்றுகோலை வீசி வீசி வந்து வண்டியில் ஏறினாள். கியர் இல்லாத குட்டி மீன் வேன். "ஆக்ஸிலேட்டருக்கும் பிரேக்குக்கும் வேண்டிய கால் என்கிட்ட இருக்கு, பயப்படாதீங்க," என்றாள். பயப்படாமல் எப்படி இருக்க? சந்துக்குள் அவள் வளைத்த வளைப்பில் பின்னால் ஐஸ் பெட்டிகள் உருண்டன, என் கொழுந்தன் "அண்ணி, அண்ணி" என்று என் தோளைப் பிய்த்தான். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படியொரு குஷி!

மேடைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது ஆடுகிற பெண்ணின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். "பரவால்லக்கா, இப்படியே ஆடிடறேன்," என்றாள்.

"ஆடுவே, ஆடுவே! காலை நீட்டு!" மீன்கடை அக்கா பெட்டியை அங்கேயே கிழித்தாள். நான் குனிந்து மாட்டி, கயிற்றை இறுக்கினேன். கச்சிதம். அந்தப் பெண் தன் பையிலிருந்து வலது ஷூவை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள். "போ, போ," என்று விரட்டினாள் அக்கா.

எங்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அக்கா அங்கேயே தன் வலது ஷூவை மாட்டிக்கொண்டாள். மீன் வாடைக்குப் பக்கத்து ஆள் இரண்டு நாற்காலி தள்ளிப் போனார். போகட்டும், எங்களுக்கு இடம் தாராளம்.

ஆடினாள் பாருங்கள்! ஊன்றுகோல்கள் தாளம் போட, சிவப்பு ஷூ தரையைத் தொட்டும் தொடாமலும் சுற்றியது. ஒவ்வொரு குதிப்புக்கும் நான் நாற்காலிக் கையைப் பிடித்தேன். வழுக்கவில்லை. ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை!

கைதட்டல் அடங்கியதும் தொகுப்பாளர் மைக்கோடு ஓடிவந்தார். "பிரமாதம்! ஷூவும் பிரமாதம்! ஆமா, இன்னொண்ணை எங்கம்மா விட்டீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேவிட்டேன்.

அந்தப் பெண் மூச்சு வாங்கச் சிரித்தாள். "முதல் வரிசையில உட்கார்ந்திருக்கு சார்."

மீன்கடை அக்கா ஒரு விநாடி யோசிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, புது ஷூ மாட்டின காலை உயரத் தூக்கிக் காட்டினாள். அரங்கமே அதிர்ந்தது. இரண்டு நாற்காலி தள்ளிப் போனவரும் எழுந்து நின்று தட்டினார். என் கொழுந்தன் விசிலடித்தான். நான் அழுதேன், மறைக்கவில்லை.

முடிவு அறிவிக்கிறவரை அவள் மேடையில் நிற்கவில்லை. படியிறங்கி நேரே வந்து, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, அடுத்த தடவை பச்சை எடுப்போமா?" என்றாள்.