பூக்கட்டிப் பார்த்த நாள்

தென்காசி கோயிலுக்குள் நுழைந்ததிலிருந்து முத்துவடிவுக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. எப்படி முடியும்? செய்து வைத்திருந்த காரியம் அப்படி.

ஐம்பத்தெட்டாம் வருசம், ஆனி மாசம். பாளையங்கோட்டையில் அவளுக்கு டீச்சர் டிரெய்னிங் கிடைத்திருந்தது. பேராச்சி அத்தைக்கோ தன் மகன் குத்தாலிங்கத்துக்கு அவளைக் கட்டிவைத்தால்தான் தூக்கம் வரும். அக்காவுக்கும் மகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அப்பா நாறும்பூநாதன், "பூக்கட்டிப் பாத்துருவோம். செவப்பு வந்தா கல்யாணம், வெள்ளை வந்தா படிப்பு" என்று சொல்லிவிட்டார். சாமி விஷயத்தில் அவருக்கு விளையாட்டே கிடையாது. காலையில் இலஞ்சி வீட்டில், ஒரு இலையில் செவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை என்று மகளையே பொட்டலம் மடிக்கச் சொன்னார். அவள் ரெண்டு இலையிலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டிவிட்டாள். துணிச்சலைப் பாருங்கள்!

அத்தை கடையத்திலிருந்து நேரே கோயிலுக்கு வந்து சேர்ந்தாள். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த வெளியூர் அம்மா ஒருத்தி, சந்நிதியில் வைத்த பொட்டலங்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அப்பா பிரித்தார். வெள்ளை. அத்தை முகம் செத்துப்போயிற்று.

அதோடு விட்டாளா? மற்ற பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தாங்கத்தை, நான் வச்சுக்கிடுதேன்."

"ஏட்டி, எங்கிட்ட இருந்தா கறுத்தா போயிரும்?"

பிரகாரம் சுற்றி முடிக்கும்வரை முத்துவடிவின் கண் அத்தையின் இடுப்பை விட்டு நகரவில்லை. உலகம்மனிடம் என்ன வேண்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

மொட்டைக் கோபுர வாசலில் சாரல் காற்று ஆளைத் தள்ளியது. அத்தை நின்றாள். "அந்தச் செவப்பை ஒருதடவ கண்ணால பாத்துக்கிடுதேன்" என்று பொட்டலத்தைப் பிரித்தாள். காற்று பூவை அள்ளி வாசலெல்லாம் இறைத்தது. அத்தனையும் வெள்ளை.

"ஏலே நாறும்பூ! கள்ளத்தனம்லா பண்ணியிருக்கு! எவ கட்டுனா இத?"

அப்பா பூவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். படிப்பும் போச்சு, அப்பாவும் போச்சு என்றே அவள் நினைத்துவிட்டாள்.

"நான்தாம்க்கா கட்டுனேன்" என்றார் அப்பா.

கோயில் வாசலில் நின்று பொய் சொன்னார், அந்த மனுஷன்! அத்தை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். முத்துவடிவு விம்மி விம்மி அழுதாள்.

"அழாதட்டி. உள்ள வா" என்று அப்பா திரும்பவும் சந்நிதியைப் பார்த்து நடந்தார். "ரெண்டு பேரும் மன்னிப்புக் கேக்க வேண்டியிருக்கு."