ஒரு ‘ங்க’ இருந்ததா?

1

இந்தக் கதை ஒரு விகுதியிலிருந்து பிறந்தது. எம்.ஏ. மொழியியல் படித்தபோது, வட்டார வழக்கு ஆய்வுக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள் தேவைப்பட்டார். கூடப் படித்த பொன்னழகு அகப்பட்டாள். நான் சின்னாளபட்டி. பத்துக் கேள்வி தாண்டியதும் அவள் கேட்டாள்:

“ஏனுங்க, ஆய்வு பண்றீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?”

இரண்டும்தான் என்று தெரிய ஓராண்டு ஆயிற்று.

2

கதைத் தொடக்கம்: ‘அன்று திண்டுக்கல்லில் நல்ல வெயில்...’ (வேண்டாம். என்றைக்குத்தான் இல்லை?)

வேறு தொடக்கம். கல்யாணத்துக்குப் பிறகு என்னை வா, போ என்பாள். சண்டை வந்தால் மட்டும் ‘ங்க’ திரும்பும். ‘சாப்பிடுங்க’ என்றால் அடுப்பில் ஒன்றும் இல்லை என்று பொருள். ‘கோபம் ஏற மரியாதை ஏறும்’ என்று ஒரு விதியே வகுத்திருந்தேன்.

3

(இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டப் பார்த்தேன்.)

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு வெஞ்சனத்தால் (சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி) சண்டை. அவள் அந்தச் சொல் வடமொழி என்றாள். நான் அவரைக்காயில் உப்பில்லை என்றேன். மறுநாள் காலை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். உள்ளே நான் மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். ‘வாரேன்’ என்றா, ‘வாரேனுங்க’ என்றா? அன்று மதியம், கல்லூரியில் பாடம் நடத்தும்போதே அவள் இதயம் நின்றுவிட்டது.

‘ங்க’ இருந்திருந்தால், கோபத்தோடு போயிருக்கிறாள்.

4

இதுவரை எழுதியதை மகள் தமிழ்மதியிடம் கொடுத்தேன். (இரண்டு மொழியியல்காரர்கள் பெற்ற பிள்ளை; பெயருக்கு அவள் பொறுப்பில்லை.)

“ஒங்க விதியே தப்புப்பா. கோவம் வந்தா அம்மா வாயே தொறக்காது. ‘ங்க’ போட்டா ஒங்கள ஓட்டுதுன்னு அர்த்தம்.”

“ஓட்டுச்சா?”

“அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கும். நீங்க மூஞ்சிய இம்புட்டு நீளத்துக்கு வச்சிருப்பீங்களா, அதைப் பாத்து நானும் சிரிப்பேன்.”

“அன்னைக்கு என்ன சொல்லுச்சு?”

“நான் தூங்கிட்டு இருந்தேனேப்பா.”

(அவள் படிப்பது தொடர்பியல். ஆறுதல் சொல்வதும் அதில் ஒரு பாடமாக இருக்கலாம். என்னிடம் அந்தப் பாடத்திட்டம் இல்லை.)

5

மூன்று ஆண்டுகள் அந்த ‘ங்க’ இருந்திருக்கக் கூடாதென்று வேண்டினேன். இப்போது அது இருந்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. சான்று ஒன்றுமில்லை. இப்படி முடிவுக்கு வந்தால் எங்கள் பேராசிரியர் தாளைத் திருப்பி எறிந்திருப்பார்.

அதனால் வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. நீங்கள் வாய்விட்டு வாசியுங்கள். நாக்கில் எது வருகிறதோ வரட்டும். மிக்சியை அணைத்துவிட்டேன்.

பொன்னழகு வாசலில் நின்று, “வாரேன்