வலப்பக்கம் ஒதுங்கும் வீடுகள்

1966 ஐப்பசி மழையில் பொதட்டூர்பேட்டை நெசவாளர் தெரு ஒன்றில் பதினொரு வீடுகள் மிதக்கத் தொடங்கின. ஊரெல்லாம் தண்ணீர் வடிந்தும் அந்தத் தெருவில் மட்டும் வடியவில்லை. தறிக்குழிகளின் அடி திறந்துகொண்டதால் நெய்பவர்களின் கால்கள் தண்ணீரில் தொங்கின. தறியின் வலது மிதியை அழுத்தினால் வீடு வலப்பக்கம் திரும்பியது, இடதை அழுத்தினால் இடப்பக்கம். கயிறு கட்டிப் பார்த்தார்கள், மின்கம்பம்தான் சாய்ந்தது. கூட்டுறவுச் சங்கம் வழக்கம்போல நூல் கொடுத்தது, லுங்கி நனையாமல் வந்தால் சரி என்றது.

சென்னைத் துறைமுகத்தில் படகு ஓட்டிய சிவப்பிரகாசம் வந்து, எதிரெதிரே வந்தால் இருவரும் அவரவர் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தெரு நெசவாளி ஜம்புலிங்கம் பலமாகத் தலையாட்டினார். மறுவாரமே சிங்காரத்தின் வீடு தன் வீட்டுக்கு நேரே வந்தபோது, திருத்தணி ரோட்டில் சைக்கிள் மிதித்த பழக்கத்தில் இடப்பக்கம் ஒடித்தார். சிங்காரத்தின் மனைவி கன்னியம்மாள் இரண்டு சுவர்களுக்கு நடுவே நசுங்கிச் செத்துப்போனாள். அன்றிலிருந்து ஜம்புலிங்கம் குழியைவிட்டு எழவில்லை. சோறும் தூக்கமும் அங்கேயே, மிதிமேல் கால் வைத்தபடி. மகள் வரலட்சுமியாவது இந்தத் தண்ணீரிலிருந்து தப்பட்டும் என்பதே அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை.

1977 தை மாதம் அம்மையார்குப்பத்து வேணுவுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். தாலி திருத்தணி மலையில் என்பது மாப்பிள்ளை வீட்டு வேண்டுதல். முகூர்த்த நாள் காலை, தெருமுனையில் பஸ் நிற்க, பட்டுச்சேலையில் அவள் வாசலுக்கு வந்தபோது காற்று எழுந்தது. ஜம்புலிங்கத்தின் கால்கள் மரத்துப்போயிருந்தன. எதிரே சிங்காரத்தின் வீடு வந்துகொண்டிருந்தது, வாசலில் பேரப்பிள்ளைகள். அந்த ஊரில் பெண்கள் தாரில் நூல் சுற்றுவார்களே தவிரக் குழியில் இறங்க மாட்டார்கள். வரலட்சுமி இறங்கினாள், வலது மிதியை அழுத்தினாள். வீடுகள் ஒரு சாண் இடைவெளியில் கடந்தன.

அப்பாவைத் தூக்கி வெளியே உட்கார வைத்தார்கள். அவர் வாய்விட்டு அழுதார்.

"நீ போம்மா. பஸ்சு நின்னுகினு இருக்குது."

"கால எடுத்தா வீடு திரும்பிக்கும் நைனா."

நேரம் போவதைக் கண்டு வேணு உள்ளே வந்து குழியை எட்டிப் பார்த்தான். அவனும் நெசவுக்காரன்தான். வேட்டியை மடித்துக் கட்டினான்.

"கொஞ்சம் நகந்து குந்து."

குழிக்குள்ளேயே தாலி கட்டினான். முருகனுக்குச் செய்தி சொல்ல ஜம்புலிங்கத்தை அதே பஸ்ஸில் மலைக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு அந்தத் தெருவில் வீடுகள் மோதிக்கொள்ளவில்லை. வரலட்சுமி வெளியே வரவும் இல்லை.