கண்ணாடிக்காரர் தலையாட்டிய கல்யாணம்

சபையிலிருந்து பத்து நாள் வெளிநாட்டு ஊழியத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் கண்ணாடிக்காரர் பேர் கொடுக்கவில்லை. அவர் மனைவிதான் கொடுத்தாள். தன் பேரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் போகிற போக்கில் சொன்னாள்.

"எனக்குப் பிரசங்கம் வராது, பாட்டு வராது. நான் அங்க போய் என்னத்தக் கிழிக்கப் போறேன்?" என்றார்.

"கண்ணு பார்க்கத் தெரியும்ல? அதப் பண்ணுங்க. அங்கயும் மனுஷங்களுக்குக் கண்ணு ரெண்டுதான்."

அப்படித்தான் முந்நூறு வெள்ளெழுத்துக் கண்ணாடிகள் அவள் புடவைகளுக்கு நடுவே சுருட்டப்பட்டு விமானம் ஏறின. போய் இறங்கிய இடத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவர் சொன்னது இவர்களுக்குப் புரியவில்லை, இவர்கள் சொன்னது அவருக்குப் புரியவில்லை. அவள் ஒரு கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டி, அவர் கையிலிருந்த படிவத்தையே அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அதிகாரி அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் படித்தார். கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

மொத்தம் எட்டுப் பேர் போயிருந்தார்கள். அவர்களை அழைத்திருந்த அந்த ஊர்ப் பாஸ்டர், வேதபாடம் படிக்க இவர்கள் ஊருக்கு வந்து நான்கு வருஷம் இருந்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் படித்ததெல்லாம் ஆலயத்துத் தமிழ் என்பதால், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்பதுகூடப் பிரசங்கம் மாதிரி இருக்கும். கூட வந்த நர்ஸுகள் இருவரும் ஆலயத்தின் முன்னறையில் ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். இளைஞர்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கப் போனார்கள். கண்ணாடிக்காரருக்குப் பின்னறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல்.

படிக்க வைத்துப் பார்க்கும் அட்டையை அந்த ஊர் எழுத்திலேயே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. அதில் ஒரு எழுத்துகூட அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் என்ன? கண்ணைச் சுருக்கினால் பவர், தயங்கினால் பவர், அட்டையைத் தள்ளிப் பிடித்தால் பவர். முப்பது வருஷத் தொழில். முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மொழிபெயர்க்க ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாஸ்டரும் மற்றவர்களோடு வீடு வீடாகச் சந்திக்கப் போய்விட்டார்.

முதலில் வந்தவள் காய்கறிக்காரி. ஆள் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. இவர் முதல் வரியைத் தொட்டுக் காட்டினார். கடகடவென்று சொன்னாள். கடைசி வரியைத் தொட்டார். அதற்கு இன்னும் நீளமாகச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொடி எழுத்தையே தடங்கலில்லாமல் படிக்கிறாளே என்று அசந்துபோனார். தலையாட்டி அனுப்பினார்.

அடுத்தவர், அதற்கடுத்தவர், எல்லாரும் அப்படியே. ஒருவரும் கண்ணைச் சுருக்கவில்லை. சட்டையெல்லாம் மரத்தூளாக வந்த தச்சர் ஒருவர் மட்டும் நடுவரியில் நின்று, கேள்வி கேட்பதுபோல் குரலை உயர்த்தினார். சரியாகப் படிக்கிறேனா என்று கேட்கிறார் போலும் என்று கண்ணாடிக்காரர் மூன்று தடவை தலையாட்டினார். தச்சர் எழுந்து, இவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டுப் போனார். மத்தியானத்துக்கு மேல் வரிசை தெருவரைக்கும் நீண்டது.

சாயங்காலம் பாஸ்டர் கேட்டார்: "சகோதரரே, எத்தனை பேருக்குக் கண்ணாடி அருளினீர்?"

"ஒருத்தருக்குக்கூட இல்ல பாஸ்டர். நாற்பத்திரண்டு பேர் பார்த்தேன். எல்லாருக்கும் கண்ணு பளிச்சுனு இருக்கு. உங்க ஊர்த் தண்ணியில ஏதோ இருக்கு."

மறுநாள் காலையில் பாஸ்டர் மூன்றாவது நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் ஆளாகக் காய்கறிக்காரியே மறுபடியும் வந்திருந்தாள். முதல் வரியைத் தொட்டதும் ஆரம்பித்துவிட்டாள். பாஸ்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

"என்ன பாஸ்டர், தப்பாப் படிக்கிறாங்களா?"

"மெய்யாகவே இந்த ஸ்திரீ அட்டையை வாசிக்கவில்லை. தன் மருமகன் நான்கு மாதமாய்த் தன்னை எட்டிப் பார்க்கவில்லை என்று உம்மிடத்தில் முறையிடுகிறாள். நேற்று பாதியில் விட்டாளாம்."

கண்ணாடிக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பாஸ்டர் வெளியே போய் வரிசையில் நின்றவர்களை விசாரித்துவிட்டு வந்தார். இவர்களில் அநேகர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். இத்தனை தூரம் வந்த மனிதர் ஆசையாய் ஒரு அட்டையை நீட்டுகிறார், தெரியாது என்று சொல்லி அவரை எப்படித் துக்கப்படுத்துவது என்று, மனதில் இருந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அவரோ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார். பின்னறையில் ஒருவர் இருக்கிறார், எதைச் சொன்னாலும் கேட்கிறார், குறுக்கே பேசுவதே இல்லை என்று ஊரெல்லாம் பரவிவிட்டது.

சத்தம் கேட்டு வந்த மனைவி சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் எடுத்துக்கொண்டது. "கடையில எவன் எது சொன்னாலும் 'ம்ம்'னு தலைய ஆட்டிக்கிட்டே லென்ஸத் துடைப்பீங்க. அதுதான் இங்க வந்து ஊழியமாயிடுச்சு."

"சிரிக்காத. மானம் போகுது."

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் தச்சர். இன்று துவைத்த சட்டை. பின்னால் அவர் மகள், அவளுக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த பஸ் டிரைவர். தச்சர் பேசப் பேசப் பாஸ்டரின் புருவம் ஏறிக்கொண்டே போயிற்று.

"சகோதரரே, தன் குமாரத்தியை இந்த வண்டியோட்டுகிறவனுக்குக் கொடுக்கலாமா என்று நேற்று உம்மைக் கேட்டாராம். நீர் மூன்று தரம் தலையசைத்தீராம். ஆகையால் நிச்சயம் பண்ணிவிட்டார்."

"ஐயோ கடவுளே!" என்றார் கண்ணாடிக்காரர். வேறு எதுவும் ஓடவில்லை. அப்போது அவருக்குக் கைவந்தது ஒன்றுதான். "முதல்ல... முதல்ல அவர் கண்ணப் பார்த்துடுறேன்."

அட்டையைக் குப்புறக் கவிழ்த்தார். மனைவியின் கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் வாங்கித் தச்சரிடம் கொடுத்தார். தச்சர் கோர்க்கப் பார்த்து இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டார். கண்ணாடிக்காரர் அவருக்கு ஒன்றரை பவர் போட்டார், தேறவில்லை. இரண்டு போட்டார், நூல் ஊசிக்காதை உரசிக்கொண்டு போயிற்று. இரண்டரை போட்டதும் வழுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தது. தச்சர் சந்தோஷத்தில் கத்திவிட்டார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு மாதமாகக் குத்திக்கொண்டிருந்த சிராய் தெரிந்தது. அதே ஊசியால் அங்கேயே கிளறி எடுத்தார்.

பிறகு மாப்பிள்ளையைக் காட்ட ஆசைப்பட்டு, டிரைவரை இழுத்து முன்னால் நிறுத்தினார். ஒரு முழம் தூரம்கூட இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தார். மோவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். சிரிப்பு நின்றுபோயிற்று.

"இவனுக்கு நரைத்திருக்கிறதே என்கிறார்," என்றார் பாஸ்டர் மெதுவாக.

மகள் அப்பாவின் மூக்கிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கினாள். அவர் திரும்பப் பிடுங்கினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டிரைவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். கடைசியில் தச்சர் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பி, நேற்றைய அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். இந்தத் தடவை அது என்ன கேள்வி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மகள் அவரையே பார்த்தாள். ஆட்டிவிட்டால் போதும் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார். "பாஸ்டர், நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. நேத்து நீங்க பேசினதுல ஒரு வார்த்தை எனக்குப் புரியல. புரியாமதான் தலையாட்டினேன். மன்னிச்சிடுங்க. இதுக்கு என்னக் கேக்காதீங்கய்யா. உங்க பொண்ணக் கேளுங்க."

பாஸ்டர் சொன்னதும் தச்சர் திகைத்து நின்றார். அவருக்குக் கோபம் வரும் என்று கண்ணாடிக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார். தச்சரோ மகள் பக்கம் திரும்பி, ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அவள் நிறையப் பேசினாள்.

"என்ன சொல்றா?" என்று மனைவி பாஸ்டரின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒன்பது வருஷமாய் இவன் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறாளாம். ஏழாம் வருஷம் வரைக்கும் அவனுக்கு ஒரு நரைகூட இல்லையாம். அவன் கேட்டதற்குத் தான் பதில் சொல்லத் தாமதித்ததினால் வந்த நரையாம் அது."

தச்சர் சிரித்துவிட்டார். டிரைவரின் தொப்பியை எடுத்து, அந்த நரையை இன்னொரு முறை நன்றாகப் பார்த்து, தலையைத் தடவிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஊசியும் நூலும்தான். ஐந்தே நாளில் முந்நூறும் தீர்ந்துபோயின. தீர்ந்துவிட்டது என்று பாஸ்டர் வாசலில் நின்று அறிவித்தும் வரிசை கலையவில்லை. தெரியும், அதற்கென்ன, நாங்கள் பேச வந்திருக்கிறோம் என்றார்கள். மிச்சமிருந்த நாட்கள் அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து, பாஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காய்கறிக்காரியின் மருமகன் கதையை முழுக்கக் கேட்டார். மருமகன் மேல் அப்படியொன்றும் தப்பில்லை என்று அவருக்குப் பட்டது. சொல்லவில்லை.

ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து, கடையில் இருக்கும்போது மனைவியின் போனுக்குக் கல்யாணப் படம் வந்தது. மணமக்களைச் சுற்றி அறுபது எழுபது பேர். இவர் கண்ணாடிகளை மொத்தமாக வாங்கிக் கொண்டுபோயிருந்ததால், தச்சர், காய்கறிக்காரி, பாஸ்டர், பெரியவர்கள் அத்தனை பேர் மூக்கிலும் ஒரே கறுப்பு ஃபிரேம். மனைவி படத்தை விரலால் பெரிதாக்கி, மாப்பிள்ளையின் தலைமேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"சாயம் அடிச்சிட்டாருங்க," என்றாள்.

"குடு பார்ப்போம்," என்று அவர் தன் கண்ணாடியைத் தேடினார்.