உதாரண வாக்கியம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. மழைக்கு ஒதுங்கிய இடம் ஓர் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தின் சன்னலோரமாகப் போய்விட்டது. உள்ளே பெரியவர்களுக்கான வகுப்பு. அன்றைய பாடம், நம் விருப்பத்தை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி. "ஐ ப்ரிஃபர் டீ டு காபி" என்று வகுப்பே கத்தியது. டீயைத் தொடாதவர்களும் சேர்ந்துதான் கத்தினார்கள்.

2

தொடக்கம்: அவளுடைய விழிகளில் ஓர் ஊமைச் சோகம் நிழலாட, அந்தி வானம்...

வேண்டாம். அந்த வகுப்பில் இருந்த அவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். விழி, ஊமைச் சோகம் என்றெல்லாம் எழுதினால் சொட்டு மருந்து விட்டுவிடுவாள்.

இன்னொரு தொடக்கம்: வருகிறவர்களை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

(இந்த வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். சன்னல் வழியாகப் பார்த்தவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? நாலு பேர் குறியீடு என்று பாராட்டுவார்கள் என்ற நப்பாசைதான்.)

3

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி அவனைக் குடும்பத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. அதற்காகத்தான் இருவருக்கும் இந்த வகுப்பு. போனால் அவள் வேலையை விட வேண்டும், திரும்பிவர வருஷக்கணக்காகும். மேலாளர் கேட்டதும் அவன், "எங்க வீட்ல எல்லாரும் ரெடி சார்" என்று சொல்லிவிட்டான். எல்லாரும் என்றால் அவனும் அவளும்தான். அதில் பாதிப் பேரைக் கேட்கவே இல்லை.

(அவனை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க உறுமவைத்தேன், சாப்பாட்டுத் தட்டை வீசவைத்தேன். வீசிய தட்டை அவனே எடுத்துக் கழுவி வைத்துவிட்டான். அப்பாவியை வைத்துக்கொண்டு கதை எழுதுவது பெரிய தலைவலி.)

4

"எல்லாரும் எழுந்து நின்னு ஆளுக்கு ஒரு சென்டன்ஸ் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

முன்வரிசைக்காரர் காரைவிட யானைதான் பிடிக்கும் என்றார். கணவன், வெளியே சாப்பிடுவதைவிட வீட்டில் சாப்பிடுவேன் என்றான். கைதட்டல்.

அவள் எழுந்தாள். "ஐ வுட் ராதர் ஸ்டே ஹியர்" என்றாள். இங்கேயே இருந்துவிடுகிறேன். "ஐ டோன்ட் வான்ட் டு கோ வித் ஹிம்." இவரோடு போக எனக்கு விருப்பமில்லை.

"வெரி குட்! ரெண்டும் பக்கா!" என்றார் டீச்சர்.

"எப்படி இவ்வளவு சரளமா வருது உனக்கு!" என்று கணவன் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

அந்த அறையில் எல்லாமே உதாரண வாக்கியம். முன்வரிசைக்காரருக்காக யாரும் யானை தேடிப் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் மனதைத் திறந்து சொன்னது இதுதான், அதற்குப் போய்க் கைதட்டிவிட்டார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மழை விட்டும் நான் அங்கிருந்து நகரவில்லை.

5

முடிவு ஒன்று: விமானம் மேலெழும்ப, கீழே சிறுத்துக்கொண்டே போகும் ஊரை அவள்...

அடித்துவிட்டேன். இப்படி அழவைத்து அனுப்புவதற்கு ஆயிரம் கதைகள் இருக்கின்றன.

முடிவு இரண்டு: பெட்டியைத் தெருவில் வீசி, "நான் வரமாட்டேன்!" என்று கர்ஜிக்கிறாள். மேடையில் வாசித்தால் விசில் பறக்கும். ஆனால் அவள் கர்ஜிக்கிற ரகமில்லை.

முடிவு மூன்று: வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்கள். அவன் கேட்கிறான், "நீ சொன்னியே, அதை எனக்கும் சொல்லிக் குடேன். ஐ வுட் ராதர்... அப்புறம் என்ன?"

"அது உதாரணம் இல்லைங்க."

"என்னது?"

"பாடத்துக்காகச் சொல்லலை. நிஜமாத்தான் சொன்னேன்."

பஸ் வந்து நின்று, போகிறது. அவன் ஏறவில்லை.

"நான் கை வேற தட்டினேனே" என்கிறான். பிறகு, "சரி சொல்லு. உனக்கு என்னதான் வேணும்?"

இதற்கு அவளுக்காக மூன்று பதில்கள் எழுதினேன். படித்துப் பார்த்தால் மூன்றுமே எனக்கு வேண்டியவை. கிழித்துவிட்டேன்.

இதோ, சொல்லத் தொடங்குகிறாள். நீங்களாவது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.