இரண்டு கட்டை ஏற்றிய பாட்டு

முன்னாள் பெய்த மழை தோக்கியோ நகரத்து வானைக் கழுவிச் சென்றிருக்க, கூரைகளும் அவற்றின்மேல் உலரும் துணிகளும் தொலைவில் ஊர்ந்து செல்லும் தொடர்வண்டியும் இலையுதிர் காலத்து இளவெயிலில் தெளிவுற விளங்கிய ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அது. பேரங்காடியொன்றின் மொட்டைமாடியிலே, சோளக்கதிர் சுடும் மணத்தினூடே, தாயர் கைப்பற்றி வந்த சிறார் முந்நூற்றுவர் மேடைமுன் அமர்ந்திருந்தனர். தொலைக்காட்சியில் கேட்ட பாட்டைப் பாடியவரோடு சேர்ந்து தாமும் பாடுதற்கே அவர்கள் வந்தனர். அவர்கள் வாய் பாடாத பாட்டு அடுத்த பருவத்தைக் காணாது என்பது அத்தொழிலின் எழுதா நெறி.

மேடையின் பின்னே கனாமோரி சுமியே நின்றாள். பன்னீராண்டுகளாகச் சிறுவர் தொடர்களின் முகப்புப் பாடல்களைப் பாடிப் புகழ் பெற்றவள் அவள். அவள் குரல் கேட்டால் அடம்பிடிக்கும் பிள்ளையும் ஒருவாய் உண்ணும் என்பர். அன்றோ அவள் நெஞ்சம், மேடைப் பணிக்கு உதவ வந்து அருகே நின்ற தொரிகாய் நாகிசா என்னும் இளம்பாடகியின்மேல் பொறாமை கொண்டு புகைந்தது. நாகிசா செய்த குற்றம் யாதெனின், நன்றாகப் பாடியதே.

புதுப்பாட்டு பிறந்தவுடன், பெயர்பெற்ற பாடகிக்கு மெட்டைக் கற்பிக்கும் பொருட்டுப் பெயரில்லாத ஒருத்தியைக் கொண்டு மாதிரி பாடுவித்து அனுப்புதல் அவ்வூர் வழக்கம். ‘விண்வண்டு’ என்னும் புதிய தொடருக்கு நாகிசா பாடிய மாதிரியைச் சுமியே இருமுறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்க அஞ்சி ஒலிநாடாவை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். பதிவு நாளன்று இசையமைப்பாளர் உசாமி வாளா இருந்தாரில்லை.

“கடைசி அடியை மட்டும் நாகிசா பாடின மாதிரி பாடிடுங்கம்மா.”

எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாற்போல் ஆயிற்று.

“சுருதியை ரெண்டு கட்டை ஏத்துங்க ஐயா.”

“குழந்தைங்க பாட்டும்மா இது. அவ்வளவு உயரம் எதுக்கு?”

“அவளால அங்க எட்ட முடியாது. என்னால முடியும்.”

மூத்த பாடகியின் சொல்லை மறுக்க மாட்டாது உசாமி இசைந்தார். இசைவாணர் இருபதின்மரும் தத்தம் தாள்களை அங்கேயே திருத்தி எழுதினர். சுமியே பாடினாள். அழகாகவே பாடினாள், அதனை மறுப்பார் பொய்யர்.

இப்பொழுது மொட்டைமாடியில், அவ்வுயரத்திலேயே பதிந்த பின்னிசை ஒலிநாடாவில் முழங்க, அவள் முதலடியைத் தொடங்கினாள். முந்நூறு வாய்களும் உடன் திறந்தன. இரண்டாம் அடியில் குரல்கள் மெலிந்தன. மூன்றாம் அடியில் கழுத்தை நீட்டியும் எட்டாமையால், குழந்தைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அடங்கினர். தன் குரல் ஒன்றே மேலே தனித்து ஒலிக்கக் கேட்ட சுமியே, நாகிசாவுக்கென இட்ட வேலி பிள்ளைகளைத் தடுத்ததை உணர்ந்தாள். நாடா ஓடிக்கொண்டிருந்தது, கட்டையைக் குறைக்க வழியில்லை.

அவ்வேளை மேடையோரத்தில் நின்ற நாகிசா, மற்றோர் ஒலிவாங்கியை எடுத்து, அதே பாட்டைப் பின்னிசையோடு முரணாத கீழ்க்குரலில் மெல்லத் தொடர்ந்தாள். குழந்தைகள் அக்குரலைப் பற்றிக்கொண்டு மாடி அதிரப் பாடினர். பாட்டு பிழைத்தது. பிழைக்கச் செய்தவளைச் சுமியே முன்னினும் மிகுதியாக வெறுத்தாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி நாகிசாவிடம் கையொப்ப அட்டையை நீட்டினாள்.

“விண்வண்டு அக்கா, இதுல உங்க பேரு எழுதிக் குடுங்க.”

நாகிசா முகம் வெளிறினாள். “நான் இல்லம்மா. அந்தப் பாட்டைப் பாடுறது இவங்க.”

சிறுமி சுமியேயை ஏற இறங்கப் பார்த்தாள். “இவங்க தனியாப் பாடினாங்க. நீங்கதான் எங்ககூடப் பாடினீங்க.”

‘ஆம், நானே’ என்று சுமியே சொல்லியிருந்தால் அது பொய்யன்று. அட்டையும் அவள் கைக்கு வந்திருக்கும். அவளோ சிறுமி நீட்டிய அட்டையை நாகிசாவின் பக்கமே திருப்பினாள்.

“எழுதிக் குடு, நாகிசா. புள்ளை சரியாத்தான் சொல்லுது. எட்டாத இடத்துல கொண்டுபோய் வச்சது நான்.”

மறுநாள் காலை உசாமியின் வாயிலில் நின்று, பாட்டை இரண்டு கட்டை இறக்கி நாகிசாவின் குரலிலேயே மீண்டும் பதியுமாறு கேட்டாள். கேட்கும்போது அவர் முகத்தை நோக்கவில்லை. அன்றே அவள் பொறாமை அவிந்தது என்று எழுதுதல் கதைசொல்வார்க்கு எளிது, அது உண்மையன்று. நெஞ்சு எரிந்துகொண்டிருக்கவே நேர்மை செய்யவும் கூடும் என்பதை அவள் அறிந்தாள். அறிந்தும், விண்வண்டு வரும் மாலைகளில் ஒருநாளேனும் அவள் தொலைக்காட்சியைத் திறந்தாளில்லை.