விளக்குக்குப் போட்ட குரவை

பிரஷாந்தியின் இடுப்பை அடக்கப் பார்க்காதவர்கள் தேற்றாத்தீவில் குறைவு. கோயிலில் பறை முழங்கினால் போதும், சின்ன வயதிலேயே அது தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கிவிடும். அம்மா அன்னப்பூரணி தொடையில் கிள்ளுவாள். பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்பிப் பார்த்தார்கள். இடுப்பு அசையக் கூடாது என்று ரீச்சர் சொல்லச் சொல்ல, பிள்ளை ஓம் ஓம் என்று ஆட்டினாள், தலையோடு இடுப்பையும் சேர்த்து. அப்பா தங்கராசா மட்டும்தான் சிரித்தார். வாவியில் மீன் பிடிக்கிற மனிதர். வீச்சுவலையை எறியும்போது அவருக்கும் இடுப்புத்தானே முதலில் திரும்பும்.

வீட்டு வேலைக்கு ஜோர்தானுக்குப் போன இடத்தில்தான் அந்த இடுப்புக்கு ஒரு விடிவு பிறந்தது. அந்த வீட்டில் கலியாணத்துக்கு முதல்நாள் பெண்கள் மட்டும் கூடியிருந்தார்கள். தேத்தண்ணித் தட்டோடு வந்தவளின் இடுப்பில் யாரோ ஒரு சால்வையைக் கட்டி நடுவில் இழுத்துவிட்டார்கள். மேளம் அதிர்ந்தது. ஆடினாள். ஒருவரும் கிள்ளவில்லை. ஆடி முடித்ததும் அந்தப் பெண்கள் நாக்கைச் சுழற்றி ஒலி எழுப்பினார்களே, அது நம் ஊர்க் குரவையேதான். பிரஷாந்தி அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள்.

ஏனென்றால் குரவை என்றால் அவளுக்கு அம்மா. அம்மன் வெளியே வரும்போது அன்னப்பூரணி தொடங்கினால்தான் மற்றப் பெண்களுக்குத் தொண்டை திறக்கும். தங்கராசா கண்ணை மூடிய பிறகு அவள் அதை விட்டுவிட்டாள். போடாதே என்று யாரும் சொல்லவில்லை. தானாகவே ஓரமாய் நின்றுகொண்டாள்.

ஊர் திரும்பிய பிரஷாந்தி பெலி டான்ஸை விடவில்லை. போனில் வீடியோ பார்த்துப் பழகினாள். காத்தான்குடியில் தையல் வேலை செய்யும் ஹிதாயா கூட்டாளியானாள். ஹிதாயாவின் தையல் அறைக்குள் ஆண்கள் வருவதில்லை என்பதால் வகுப்பும் அங்கேயே நடந்தது. பிள்ளை பெற்று இடுப்புப் பிடித்தவர்களும், மெலிய வேண்டும் என்று வந்து பிறகு சிரிப்புக்காகவே வந்தவர்களும் அங்கே ஆடினார்கள். பழகியதோடு நிற்காமல் பிரஷாந்தி தானாகவே ஆட்டங்களைக் கட்டினாள். அவளுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அம்மா மட்டும் ஒருதடவையும் பார்த்ததில்லை. வயிற்றைக் காட்டி ஆடுவதை என்ன கண்கொண்டு பார்ப்பது என்று கேட்பாள்.

இந்த வருஷம் மகளிர் தினத்துக்குக் கல்லடியில் ஒரு மண்டபத்தில் பெண்கள் மட்டும் பார்க்கும் நிகழ்ச்சி. பிரஷாந்தி தன் சொந்த ஆட்டம் ஒன்றைக் கட்டியிருந்தாள். ஊரெல்லாம் வந்தாலும் அம்மா வராவிட்டால் அது அவளுக்கு ஆடாத ஆட்டம்தான். கேட்டாள், கெஞ்சினாள், நடக்கவில்லை. கடைசியில் ஹிதாயாவே ஆட்டோவோடு வாசலில் போய் நின்றாள். வெளியாளிடம் முகத்தை முறிப்பது அன்னப்பூரணிக்குப் பழக்கமில்லை. அவளுடைய முறைப்பெல்லாம் பெற்ற பிள்ளைக்கு மட்டும்தான். வந்தாள். கதவோரம் கடைசி வரிசையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்த பிரஷாந்தி இடுப்புப் பட்டியை இன்னும் ஒருதடவை இறுக்கிக் கட்டினாள்.

அரபு நாட்டில் கலியாண வீடுகளில் விளக்கைத் தலையில் வைத்து ஆடும் வழக்கம் உண்டு. அதைத்தான் அவள் தொடக்கமாக வைத்திருந்தாள். பித்தளைத் தட்டு நிறைய அகல் விளக்குகளை ஏற்றித் தலையில் வைத்துக்கொண்டு, மேலே கைபிடிக்காமல் மேடைக்கு வந்தாள். மண்டபத்தில் கை தட்டுவதா விடுவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரவை எழுந்தது.

விளக்கு வந்தால் குரவை. நம் பெண்கள் அதை யோசித்துச் செய்வதில்லை. நிமிர்ந்து பார்த்த அன்னப்பூரணியின் கை தானாக வாய்க்குப் போய்விட்டது. வருஷக்கணக்காக மூடிக் கிடந்த தொண்டை முதலில் கரகரத்தது, பிறகு கூரைவரை ஏறியது. அடுத்த நொடி மண்டபம் முழுக்க, காத்தான்குடிப் பெண்களும் சேர்ந்து, குரவை போட்டார்கள். தட்டு ஆடவில்லை. பிரஷாந்தியின் நெஞ்சுதான் ஆடியது.

தட்டை இறக்கி ஓரமாக வைத்தாள். மேளம் வேகம் எடுத்தது. இடுப்பை இடப்பக்கம் சுருட்டி, ஒரு கணம் நிறுத்தி, உடம்பு முழுவதையும் விசிறிவிட்டாள். இல்லாத வலை ஒன்று விரிந்து விழுந்தது. அதை மெல்ல மெல்ல இழுத்தாள். மறுபடி வீசினாள். அன்னப்பூரணி எழுந்து நின்றுவிட்டாள். மறுபடி குரவை போட்டாள்.

எல்லாம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் வந்தாள். முகத்தில் பழைய முறைப்பு.

"விளக்கக் கண்டு போட்டிட்டன். உனக்கெண்டு நினைச்சிராத."

"விளக்க இறக்கி வச்சாப் பிறகும் போட்டீங்களே அம்மா?"

அன்னப்பூரணி மகளின் இடுப்புப் பட்டியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

"அது உன்ட அப்பாவுக்கு. அவர்ட வலை வீச்ச ஏன் புள்ள இவ்வளவு நாளும் எனக்குக் காட்டல்ல?"

பிரஷாந்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதற்குள் அம்மாவுக்கு வேறு குறை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. வலையை இழுக்கும்போது அந்த மனிசன் வலது காலைப் பின்னுக்கு வைப்பாராம், மகள் அதைப் பிழையாகச் செய்கிறாளாம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்று தானே வீசிக் காட்டினாள். எழுபது வயது இடுப்பு சுருண்டு, நின்று, விசிறியது.

வாயைப் பொத்திக்கொண்டு பார்த்திருந்த ஹிதாயா சொன்னாள்.

"இந்த இடுப்பு எங்கால வந்ததெண்டு இப்பதான் விளங்குது கா."

அன்னப்பூரணி திரும்பி ஹிதாயாவின் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள்.